காப்பின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி

தினேஷ் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோதே ஏதோ வேலை வைக்கப் போகிறான் என்று தெரிந்துவிட்டது. முன்னாள் மாணவர்கள் சும்மா வருவதில்லை. கல்யாணப் பத்திரிகை நீட்டுவார்கள், இல்லையென்றால் காப்புறுதி எடுக்கச் சொல்வார்கள். தினேஷ் என் குழுவில் கோல் காத்தவன். இப்போது முன்னாள் மாணவர் சங்கத்துக்குத் தலைவன்.

"கோச், உங்களுக்குப் பெரிய விழா எடுக்கிறோம்லா. நினைவு மலர் ஒண்ணும் போடுறோம். நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நம்ம தண்ணி ரூல் எப்படி வந்துச்சின்னு எழுதுங்க, சின்னப் பசங்க தெரிஞ்சிக்கட்டும். சோகமா ஏதும் வேண்டாம் கோச், நல்லதா எழுதுங்க."

தண்ணி ரூல் என்று அவன் சொன்னது என் பழக்கத்தை. பயிற்சியோ ஆட்டமோ, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை என் ஆட்கள் தண்ணீர் குடிக்க வேண்டும். சாப்பிடாமல் வந்தவன் திடலில் இறங்கக் கூடாது. கோல் போட்டவனாக இருந்தாலும் சரி, கல்லூரி முதல்வரின் மகனாக இருந்தாலும் சரி. இந்தப் பக்கத்துப் பயிற்றுநர்கள் எனக்குத் 'தண்ணி கோச்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விஷயம் தெரியாதவர்கள் நான் குடிகாரன் என்று நினைத்துக்கொண்டதும் உண்டு. நினைவு மலரின் அட்டையில் 'வீரர்களின் உயிர் காத்த பயிற்றுநர்' என்று போடப் போகிறார்களாம். தினேஷ் கைப்பேசியில் அட்டைப் படத்தைக் காட்டினான். நல்ல படம்தான்.

இரண்டு பக்கத்தில் இதை முடிக்க முடியாது. நல்லதாகவும் இருக்காது. கேட்டது நீ, தினேஷ். வாங்கிக்கொள்.

நான் லாபு பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். எனக்குப் படிப்பைவிடப் பந்து நன்றாக வந்தது. தோட்டக் குழுவில் வலது ஓரத்தில் ஆடினேன். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு கிண்ணப் போட்டியில் ஆடப் போனபோது முழங்கால் பிசகி, அதோடு ஆட்டக்காரன் வாழ்க்கை முடிந்தது. பிறகு பயிற்றுநர் வகுப்புகள், சான்றிதழ்கள், இரண்டு பள்ளிகளில் தற்காலிக வேலை. கடைசியாகச் சிரம்பானுக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியில் துணைப் பயிற்றுநராக ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். இதையெல்லாம் விரித்து எழுதினால் எனக்கே தூக்கம் வந்துவிடும்.

அந்தக் கல்லூரியில் விளையாட்டுப் பிரிவின் தலைவர் மிஸ்டர் லிம். குள்ளமான மனிதர். சட்டைக் கையை எப்போதும் முழுதாக இறக்கிப் பொத்தான் போட்டிருப்பார். அவரிடம் மூன்று வருடம் வேலை பார்த்த பிறகும் ஒரு பாராட்டு வார்த்தை கேட்டதில்லை. ஆட்டத்தில் ஜெயித்தால் "பந்து எண்ணியாச்சா?" என்பார். தோற்றாலும் அதே கேள்விதான். ஆனால் அவர் பேசியது தமிழ். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், சூடம், மஞ்சள் கயிறு எல்லாம் விற்ற கடை. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த பிள்ளைகளோடு வளர்ந்தவர் என்பதால் என்னைவிடப் பச்சையான தோட்டத் தமிழ் அவருக்கு வரும். மற்றவர்களிடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் அளந்து பேசுகிறவர், என்னிடம் மட்டும் தமிழில் திட்டுவார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. நீல அட்டை போட்ட நீளமான நோட்டு. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் வீரர்கள் ஒவ்வொருவராக அவர் மேசைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். காலணியின் அடிக் குமிழ்களைக் காட்ட வேண்டும், நகம் காட்ட வேண்டும். பிறகு கேள்வி. "என்னா தின்ன? எத்தன மணிக்கு?" பதில் சொல்லும்போது அவர் நோட்டைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். உதட்டில் வெடிப்பு இருந்தால் இன்னொரு முறை கேட்பார். அதன் பிறகே பெயர், சாப்பாடு, நேரம் மூன்றையும் மலாயில் எழுதுவார். 'நாசி, ஈக்கான், 12.' சோறு, மீன், பன்னிரண்டு மணி என்று அர்த்தம். கீழே கையெழுத்து. நோட்டில் சாப்பாடு இல்லாதவன் அன்றைக்கு வெளியே உட்கார்ந்து பந்து பொறுக்க வேண்டியதுதான்.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். ஒரு நோன்பு மாதத்தில் அந்த நினைப்பு மாறியது. அரையிறுதி ஆட்டத்தைப் பிற்பகலில் வைத்துவிட்டார்கள். எங்கள் குழுவில் ஆறு பேர் மலாய்ப் பிள்ளைகள், நோன்பு வைத்திருந்தார்கள். மாலைக்கு மாற்றச் சொல்லி லிம் கேட்டார், ஏற்பாட்டாளர்கள் மாட்டோம் என்றார்கள். பிள்ளைகள் ஆடுகிறோம் என்று கெஞ்சினார்கள். லிம் பேனாவை எடுத்து, குழு வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆடாமலே தோற்றோம். திரும்பி வரும்போது வேனில் ஒருவனும் அவரோடு பேசவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "புவாசா மாசம் காலண்டர்ல இருக்கு, எல்லாருக்கும் தெரியும். நம்ம தோட்டத்துக் கோயிலு அப்படி இல்ல. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நாளு. எவன் காப்பு கட்டியிருக்கான், எவன் விரதம், எனக்குத் தெரியாது. நீதான் பாத்து சொல்லணும். வேற யாரும் இங்க இல்ல."

"சொல்றேன் சார்" என்றேன். அவர் எனக்குக் கொடுத்த வேலைகளில் முக்கியமானது இதுதான். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை.

காப்பு பற்றித் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீ மிதிக்கிறவர்களுக்கு ஒரு வாரம் முன்னாலேயே பூசாரி மஞ்சள் கிழங்குத் துண்டு கோத்த கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிடுவார். கட்டிய பிறகு கவிச்சி கிடையாது. பகலெல்லாம் விரதம், மாலையில் விளக்கு வைத்த பிறகு ஒருவேளைச் சாப்பாடு. தீ மிதித்து முடியும்வரை அந்தக் கயிறு அறுபடக் கூடாது.

காற்பந்து நடுவருக்கு இதெல்லாம் தெரியாது. கையில் கயிறு, மோதிரம், சங்கிலி எதுவும் கூடாது என்பது ஆட்ட விதி. வரிசையில் நிறுத்திக் கையைப் பார்ப்பார், அறு என்பார். அதனால் தோட்டக் குழுக்களில் எங்களுக்கு ஒரு வழி இருந்தது. காப்பின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரியை மூன்று சுற்றுச் சுற்றிவிடுவோம். கேட்டால் சுளுக்கு என்போம். நான் ஆடிய காலத்தில் எனக்கும் சுற்றியிருக்கிறார்கள். நான் பலருக்குச் சுற்றியிருக்கிறேன். இதில் தப்பு இருப்பதாக எங்களில் யாருமே நினைத்ததில்லை. சொல்லப்போனால் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தோம்.

இனி குணாளன். குணா என்று கூப்பிடுவோம். வயது இருபது. லாபு பக்கத்துத் தோட்டம்தான் அவனுக்கும், என்னுடையதற்கு இரண்டு தோட்டம் தள்ளி. அப்பா இல்லை. அம்மா அஞ்சலை அக்கா தோட்டத்தில் உரம் போடும் வேலை. அவன் என்னைப் போல வலது ஓரத்து ஆட்டக்காரன். ஆனால் நான் ஓடியது ஓட்டமே இல்லை என்று அவனைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பந்தைக் காலில் வாங்கும்போதே அடுத்து எங்கே போக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். வாயைத் திறந்தால் கிண்டல். என் தொப்பையைப் பார்த்து "கோச், இதுக்கு ஒரு ஜெர்சி நம்பர் குடுத்திடலாமா?" என்று கேட்டவன் அவன் ஒருவன்தான். அவன்மேல் எனக்கு அத்தனை பிரியம். இதை நான் அவனிடம் சொன்னதில்லை.

அந்த வருடம் அவன் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டுவிட்டது. பழைய இடத்தில் அதுதான் கடைசித் தீமிதி. அதற்கு முந்தைய வருடம் அஞ்சலை அக்காவுக்கு வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை. அம்மா பிழைத்தால் தீ மிதிக்கிறேன் என்று குணா வேண்டியிருந்தான். விளக்கு வைக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதாக வேண்டுதல்.

காப்புக் கட்டிய ஆறாவது நாள் எங்களுக்கு ஆட்டம். மாலை நான்கரை மணி, எங்கள் திடலில். மாநில இளையோர் குழுவுக்கு ஆள் பார்க்க ஒருவர் வருவதாக முன்பே தகவல். குணாவைப் பார்க்கத்தான் வருகிறார் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அவரைக் கூப்பிட்டவனே நான்தான். என் கையில் வளர்ந்த ஒருவன் மாநிலக் குழுவுக்குப் போனால் என் பெயரும் கூடப் போகும். அடுத்த வருடம் லிம் ஓய்வு பெறுகிறார், அந்த நாற்காலிக்கு யார் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்.

அன்று லிம் விருந்தினர்களை வரவேற்கப் போயிருந்தார். நோட்டு என் மேசையில் இருந்தது. உடை மாற்றும் அறைக்கு வெளியே வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். குணாவுக்கு முன்னால் வந்தவன் கோழிச் சோறு சாப்பிட்டதாகச் சொன்னான். 'நாசி, ஆயாம், 12.30' என்று எழுதினேன். ஆயாம் என்றால் கோழி.

அடுத்து குணா. அறையில் வேறு யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, நீளக் கை பனியனைச் சுருட்டி மணிக்கட்டை நீட்டினான். மஞ்சள் கயிறு.

"கோச், ரெஃப்ரி பாத்தா அறுக்கச் சொல்வாரு. நீங்களே ஒட்டி வுட்டுடுங்க. வேற யாரும் ஒட்டினா கயிறு அவுந்திடும்."

"எப்படா கட்டினாங்க?"

"ஆறு நாளாச்சி கோச். இன்னும் ரெண்டு நாளுதான். பூசாரிகிட்ட சொல்லிட்டுத்தான் தோட்டத்தத் தாண்டி வந்தேன். விளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பிடணும்."

"சாப்பிட்டியா?"

"நேத்து ராத்திரி சாப்பிட்டேன். காலையில ஒண்ணும் இல்ல. தண்ணியும் இல்ல." பிறகு சிரித்தான். "முகத்த அப்படி வெச்சிக்காதீங்க கோச். அஞ்சு நாளு பயிற்சிக்கு வந்தேன்ல, வுழுந்தேனா?"

ஐந்து நாளும் நான் கவனிக்கவில்லை. பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். லிம் அந்த ஒரு வேலையைத்தான் என்னிடம் கொடுத்திருந்தார்.

பிளாஸ்திரிச் சுருளை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். மஞ்சள் துண்டு இருந்த இடத்தில் மேடாகத் தெரிந்தது, அதனால் நான்காவது சுற்றும் சுற்றினேன். அவன் போன பிறகு நோட்டைப் பார்த்தேன். அவன் பெயருக்கு நேராகக் கோடு காலியாக இருந்தது. காலியாக விட்டால் லிம் ஆட விடமாட்டார். யோசிக்கக்கூட இல்லை. மேல் வரியில் இருந்ததைப் பார்த்து அப்படியே கீழேயும் எழுதினேன். 'குணாளன். நாசி, ஆயாம், 12.30.' கையெழுத்தும் போட்டேன்.

வரிசையில் நடுவர் பிளாஸ்திரியைத் தட்டிக் கேட்டார். சுளுக்கு என்றேன். போகிற போக்கில் லிம்மும் கேட்டார். "என்னா அது கையில?" அவரிடமும் சுளுக்கு என்றேன்.

அன்றைய வெயிலைப் பற்றி விசாரணையில் நிறையப் பேசினார்கள். வெயில் அதிகம்தான், ஆனால் இந்த நாட்டில் வெயில் புதிதில்லை. முதல் பாதியில் குணா ஒரு கோல் போட்டான், இன்னொன்று கம்பத்தில் பட்டு வந்தது. இடைவேளையில் எல்லோரும் பாட்டிலை எடுத்தார்கள். அவனும் எடுத்தான். வாய் கொப்பளித்துத் துப்பினான். நான் பக்கத்தில் போனேன். "குடிடா" என்றேன் மெதுவாக. "வேண்டாம் கோச்" என்றான். அப்போது கவனித்தேன், மற்றவர்களின் சட்டை எல்லாம் ஈரம், அவன் சட்டை முதுகில் காய்ந்திருந்தது. வியர்வை நின்றுபோவது என்ன என்று வகுப்பில் படித்துத் தேறி, சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தவன் நான்.

மாற்று ஆட்டக்காரன் கோட்டோரம் குதித்துக்கொண்டிருந்தான். கையைத் தூக்கியிருந்தால் போதும். அந்த நேரம் பார்த்து மாநிலத்திலிருந்து வந்தவர் என் அருகில் வந்து, "அந்த ஏழாம் எண் முழு ஆட்டமும் தாங்குவானா?" என்று கேட்டார். "தாங்குவான் சார்" என்றேன்.

இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பந்து அவன் காலுக்கு வந்தது. அதை விட்டுவிட்டு வேறு பக்கம் ஓடினான். கூட்டம் சிரித்தது. பிறகு நின்றான். நடுவரைப் பார்த்து ஏதோ சொன்னான், என்ன என்று யாருக்கும் புரியவில்லை. முழங்காலிட்டு விழுந்தான். நான் ஓடிப் போய், தசைப்பிடிப்பு என்று நினைத்துக் காலைத் தூக்கி நீட்டினேன். அதில் எத்தனை நிமிடம் போனது என்று எனக்குத் தெரியாது. உடம்பைத் தொட்டபோதுதான் கை சுட்டது. நிழலுக்குத் தூக்கி வந்தோம், சட்டையைக் கிழித்தோம், ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தோம். லிம் மேடையிலிருந்து ஓடி வந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். முழுக்கைச் சட்டை போட்ட அந்த மனிதர் சேற்றில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மருத்துவமனையில் ஒரு மலாய் டாக்டர் அவசரமாகக் கேட்டார். "டியா புவாசா கா?" நோன்பா என்று கேட்கிறார். நான் நேராக நின்றுகொண்டு, தெரியாது, சாப்பிட்டதாகத்தான் சொன்னான் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு ஏதாவது செய்திருப்பார்களா, காப்பாற்றியிருப்பார்களா? இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்றைக்கும் எந்த டாக்டரிடமும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஊசி ஏற்றுவதற்காக நர்ஸ் பிளாஸ்திரியை வெட்டினார். கயிறும் சேர்ந்து அறுந்தது. மஞ்சள் துண்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து என் டிராக்சூட் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அது என்ன ஆனது என்று நினைவில்லை. துணியோடு துவைபட்டுப் போயிருக்கும்.

அஞ்சலை அக்கா பக்கத்து வீட்டுக்காரர் வேனில் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம் தாண்டியிருந்தது. மகனுடைய வெறும் மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தார். "காப்ப யாரு அறுத்தது?" என்று கேட்டார். மறுநாள் காலை குணா இறந்துபோனான்.

கல்லூரியில் விசாரணை நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், லிம் ஓரமாக இருந்தார். பையன் விரதம் என்று தாய் சொல்கிறார், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பிளாஸ்திரி? அவனே ஒட்டிக்கொண்டு வந்தான், சுளுக்கு என்றான் என்றேன். நோட்டைக் கேட்டார்கள். லிம்தான் எடுத்துப் படித்தார். "குணாளன். நாசி..." அந்த இடத்தில் நின்றார். "ஆயாம்" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

மற்ற மூவருக்கும் அது வெறும் கோழி. மஞ்சள் கயிறு விற்ற கடையில் பிறந்தவருக்கு அப்படி இல்லை. காப்புக் கட்டியவன் கோழி தின்ன மாட்டான், தின்றதாக வாயால் சொல்லவும் மாட்டான் என்று அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். அவர் நோட்டை மூடி மேசையில் வைத்தார். கல்லூரியின் பெயருக்காகச் சும்மா இருந்தாரா, எனக்காகவா, எதற்காக என்று தெரியவில்லை. வீரர் தாம் கோழிச் சோறு உண்டதாகப் பயிற்றுநரிடம் தெரிவித்துள்ளார், பயிற்றுநர் மீது தவறில்லை என்று முடிவெழுதினார்கள்.

அன்றிலிருந்து லிம் என்னிடம் தமிழில் பேசவில்லை. ஒரு வார்த்தைகூட. மற்றவர்களிடம் பேசுவது போல அளந்த மலாயில் பேசினார். ஓய்வு பெற்றுப் போன அன்று நீல நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இனி அவாக் பூன்யா" என்றார். மலாயில் இது உன்னுடையது என்று அர்த்தம். குணாவின் பெயர் இருந்த பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சில வருடம் கழித்து அவர் இறந்தபோது போய் நின்றேன். கும்பிட்டுவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய?

அவர் நாற்காலி எனக்குக் கிடைத்தது. அதில் உட்கார்ந்துதான் தண்ணி ரூல் போட்டேன். அதன் பிறகு என் திடலில் ஒருவனும் மயங்கி விழுந்ததில்லை. அதற்குத்தான் இந்த விழா.

விசாரணையின் முடிவு தோட்டத்துக்கும் போனது. குணாவின் கருமாதி முடிந்து சில நாள் கழித்து அஞ்சலை அக்கா கல்லூரி வாசலில் வந்து நின்றார். "மாஸ்டர், அவன் கோழி தின்னானா? எங்க ஆளுங்க என்னென்னமோ பேசுறாங்க. உங்ககிட்ட அப்படியா சொன்னான்?"

"அப்படித்தான் சொன்னான்க்கா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு கொடுத்தனுப்புவார். மகன் கடைசியாகப் பேசிய ஆள் என்று என்மேல் அவருக்கு ஒரு பாசம். நான் அந்த முறுக்கைத் தின்றிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தினேஷ் அன்றைக்குக் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான். "உங்களுக்குப் பொன்னாடை போர்த்த அஞ்சலை அம்மாவக் கூப்பிட்டிருக்கோம் கோச். அதுதான் பொருத்தமா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க."

மூன்று நாள் கழித்து அம்பாங்கானுக்குப் போனேன். தோட்டம் போன பிறகு அவர் அங்கே ஒரு மலிவுவிலை அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். காலை பத்து மணி இருக்கும். முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார்.

"வாங்க மாஸ்டர். அந்தத் தம்பி வந்து சொல்லிச்சி. எனக்குத்தான் யோசனையா இருக்கு. என் கையால போர்த்தலாமா? நல்ல காரியத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டாங்க மாஸ்டர். காப்போட கோழி தின்னான், ஆத்தா வாங்கிக்கிட்டா, புள்ளைய ஒழுங்கா வளக்கலன்னு என் நாத்தனா இன்னைக்கும் சொல்லுது. கெமாஸ்ல அவ மகன் கல்யாணத்துக்குக்கூடச் சொல்லல."

அவரே தொடர்ந்தார். "முன்னெல்லாம் அவன் தின்னிருக்க மாட்டான்னு சண்டை போடுவேன். எழுதியிருக்கே, எழுதினது பொய்யா இருக்குமாங்கறாங்க. அப்புறம் நானும் நம்பிட்டேன். சின்னப் புள்ளதானே, பசி தாங்கியிருக்காது. வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறேன் மாஸ்டர், அவன் தின்ன கோழிக்கு மன்னிப்பு கேட்டு. இந்த வருஷம் கால் முடியல. யாரையாச்சும் புடிச்சிக்கிட்டாவது நடக்கணும்."

இருபது வருடத்துக்கு மேலாக அந்த அம்மா பால்குடம் தூக்கியிருக்கிறார். நான் ஒரு வரியைப் பார்த்து எழுதியதற்காக.

உட்காராமலே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையை நீட்டியது, நான் ஒட்டியது, நோட்டு, இடைவேளை, டாக்டர் கேட்டது. அவன் எதையும் மறைக்கவில்லை, என்னிடம் உண்மையைத்தான் சொன்னான் என்றேன்.

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி நகர்த்தி வைத்தார். "அப்ப அவன் தின்னல."

"தின்னலக்கா. தண்ணிகூடக் குடிக்கல. வாய் கொப்புளிச்சி துப்பிட்டான்."

"தின்னல" என்றார் மறுபடியும். அழவில்லை. சுவரில் இருந்த குணாவின் படத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் கல்லூரி வாசல்ல வந்து கேட்டேனே மாஸ்டர். மூஞ்சிக்கு நேரா கேட்டேனே."

"ஆமாக்கா."

"முறுக்கு குடுத்து அனுப்பினேனே."

காலில் விழுந்தால் அவர் தூக்கிவிட வேண்டியிருக்கும், அந்த முழங்காலோடு. அதனால் விழவில்லை. நின்றேன், அவ்வளவுதான். கீழே ஐஸ்கிரீம்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு அவர் பேசினார். "என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? தின்னான்னு எழுதுனீங்கல்ல, தின்னலன்னு எழுதுங்க. எழுதினதைத்தானே எல்லாரும் நம்புறாங்க. அந்தத் தம்பி ஏதோ புக்கு போடுதாமே, அதுல எழுதுங்க. என் நாத்தனாவுக்கு ஒண்ணு அனுப்புங்க."

"சரிக்கா."

"பொன்னாடைக்கு என்னை எதிர்பாக்காதீங்க." கதவு வரை வந்தேன். பின்னால் குரல் கேட்டது. "போங்க மாஸ்டர். இந்த வருஷம் பால்குடம் எடுக்க மாட்டேன்."

தினேஷ், இதில் ஒரு வரியும் வெட்டாமல் போடு. அட்டையை மாற்று. விழா வேண்டுமா என்பதை நீங்கள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மலர் வந்ததும் முதல் பிரதி கெமாஸுக்குப் போக வேண்டும், முகவரி தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

நீல நோட்டை இன்று காலை எடுத்தேன். தாள் பழுத்துவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது. நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதையும் படமெடுத்து மலரில் போடுங்கள். எழுதியிருப்பது இதுதான்.

குணாளன். ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. பயிற்றுநருக்குத் தெரியும்.